ஒரு முழ ஆழம்

“இது பூச்செடி நடுறதுக்கு. நான் தோண்டப் போறது சரித்திரம்லா, தவுக்கே!”

கையகல மண்வாரியை ஓரமாகத் தள்ளிவைத்தார் தர்மேந்திரன். புந்தோங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தவுக்கே சீனி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததை எடுக்கப் போனான்.

பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் தர்மேந்திரன். ஓய்வு பெற்ற புதிதில் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெரட்டு எடுப்பதுபோல, மனைவி கலாதேவியிடம் வேலைக்கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தந்தாள். அதோடு அடுப்படி மறந்துபோனது. ஞாயிறு வந்தால் தெலுக் பாத்தேக் கடற்கரை. மற்ற நாட்களில் அந்தக் கடற்கரையைப் பற்றிய பேச்சு.

“இந்தச் சின்னதே போதும்ங்க. தூக்கவும் லேசு” என்றாள் பக்கத்தில் நின்ற கலாதேவி.

“உனக்கு என்னா தெரியும்? நீ சும்மா இரு.”

சீனி ஒரு சாங்கோல் மண்வெட்டியைக் கொண்டுவந்தான்.

“இரும்பா? வேணவே வேணாம். பக்கத்துல இரும்பு இருந்தா மெஷின் கத்திக்கிட்டே இருக்கும். அதோட, ஒரே வெட்டுல சோழர் காசு ரெண்டாப் போயிட்டா யாரு பதில் சொல்றது?”

“சோழர் காசா, அண்ணே?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். கைப்பேசியை எடுத்துப் படத்தை நீட்டினார். பச்சைக் களிம்பு பிடித்த ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம்.

“போன மாசம் கிடைச்சது. கடாரத்துக்குப் போன கப்பல் தெலுக் பாத்தேக்ல நின்னுட்டுத்தான் போயிருக்கு. ஒரு படகைப் பிடிச்சு இறங்கி, சமைச்சு சாப்பிட்டுட்டுக் கிளம்பியிருக்கானுங்க. எங்க தமிழ்ச் சங்கத்து வாட்சாப் குரூப்புல போட்டேன். ஒருத்தன்கூட மறுத்துப் பேசல.”

“படிச்சிருக்க மாட்டாங்க” என்றாள் கலாதேவி.

“பார்த்தியா தவுக்கே, இவ பேச்சை! கூட வர்றதோட சரி. நான் ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள, காலாற நடக்கிறேன்னு தனியாப் போயிடுவா. திரும்பி வந்து, ‘அந்தத் தென்னை மரத்துப் பக்கம் தேடுங்க, நிழலா இருக்கு’ம்பா. சரித்திரம் என்ன நிழல் பார்த்தா படுத்திருக்கும்?”

சீனி கடைசியாக உள்ளே போய், சல்லடைபோல ஓட்டை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாளி ஒன்றைத் தூக்கி வந்தான். இடுப்புயரக் கம்பு. மிதித்து இறக்க, பின்னால் ஒரு தகடு.

“மண்ணை அள்ளி ஆட்டுனா மணல் ஒழுகிரும், அண்ணே. சாமான் மட்டும் உள்ள நிக்கும். ஒரு முழம் ஆழம் போகும்.”

தர்மேந்திரன் அதைத் தோளில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

கலாதேவியின் முகம் மாறியது. “ஒரு முழமா? எதுக்குங்க அவ்வளவு ஆழம்? இதுவரைக்கும் எல்லாம் நாலு விரக்கடையிலயே கிடைச்சிருச்சுல்ல?”

“அதான் எனக்குச் சந்தேகம்! மேலயே இவ்வளவு இருக்குன்னா, அடியில எவ்வளவு இருக்கும்? இந்த ஞாயித்துக்கிழமை சங்கத்துத் தலைவர், செயலாளர் எல்லாரும் வேன் வச்சு வர்றாங்க. அவங்க முன்னாடி நான் மேல் மண்ணைத் தொடவே போறதில்ல. நேரா ஒரு முழம்!”

“ஒண்ணும் கிடைக்கலன்னா?”

“கிடைக்கும். கிடைச்சா சங்கத்துல வரலாற்றுப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, என்னையே தலைவராப் போடறதாச் சொல்லியிருக்காங்க. என்னை மறுபடியும் நாலு பேரு ‘ஐயா’ன்னு கூப்பிடப் போறாங்க, கலா.”

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் மெதுவாகச் சொன்னார். கலாதேவி, ஒதுக்கிவைத்த சாமான்களைப் பார்த்தபடி நின்றாள்.

“பேக் பண்ணி வை, தவுக்கே. காடி தூரத்துல நிக்குது, எடுத்துட்டு வாரேன்.” சரித்திரத்தைத் தோண்டப் போகிறவர் வெயிலுக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சீனி கம்பைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டினான்.

“பாவம்க்கா நீங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுல நிம்மதியா இருக்க முடியல. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா, அண்ணன் சின்னதையே எடுத்திருப்பாரு.”

“சொல்லிப் பார்த்தேன். கேட்கலையே.”

கலாதேவி வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். கணவர் தெருமுனை திரும்பியதும், அவசரமாக உள்ளே வந்தாள்.

“தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா? இதே நீளம் இருக்கணும். தனியாக் கட்டி வை, நாளைக்கு நானே வந்து எடுத்துக்கிறேன். அவருக்குத் தெரிய வேணாம்.”

“ரெண்டு எதுக்குக்கா? தோண்டுறதுக்குத்தான் அண்ணன் ஒண்ணு வாங்கிட்டாரே?”

“அவரு தோண்ட வாங்கிட்டாரு, தம்பி. ஒரு முழ ஆழத்துல புதைக்க என்கிட்ட சோத்துக் கரண்டிதான் இருக்கு!”