குளியலறைத் தாழ்ப்பாள்

சுவருக்குள் ‘டொம்’ என்று இடித்தது.

காபித் தம்ளரைத் தூக்கிய மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. ஆணியில் மாட்டியிருந்த காலண்டர் ஆடி அடங்கியது. நல்லம்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தவர்கள், தரகரோடு சேர்த்து நான்கு பேரும், அந்தச் சுவரையே பார்த்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அதற்குள் மூத்த மகள் மாதம்மாள் இருந்தாள். வெளியே தாழ்ப்பாள் போட்டவள் அவள் அம்மா கண்ணம்மாள்தான்.

பெற்றவள் செய்கிற காரியமா இது என்று யாராவது கேட்கலாம். போன தை மாதம் வந்தவர்கள், புருஷனை விட்டு வந்து வீட்டோடு இருக்கும் மாதம்மாளைக் கண்டதும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். சின்னவள் வசந்தா மூன்று நாள் சாப்பிடவில்லை.

அதனால் இந்த முறை, மூத்தவள் பெங்களூரில் புருஷனோடு சௌக்கியமாக இருக்கிறாள் என்று தரகரிடம் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் விடலாமென்றால், விசாரிக்கிறவர்கள் முதலில் ஏறும் படியே அதுதான்.

ஆகவே குளியலறை. ஒரு மணி நேரம். எந்தச் சத்தமும் வெளியே வரக் கூடாது என்று கண்ணம்மாள் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

எல்லாம் யோசித்தவள் குழாயை மறந்தாள்.

அந்தத் தெருவில் எல்லோரும் குழாயைத் திறந்தேதான் வைத்திருப்பார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வாளியில் சத்தம் கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம். தெருவுக்குப் புது மெயின் பைப் போட்டதிலிருந்து தண்ணீர் வெறி பிடித்த மாதிரி வந்தது. இன்றைக்கென்று பார்த்து சாயங்காலம் நாலு மணிக்கு வந்து தொலைத்தது.

தகர வாளியில் தண்ணீர் விழுந்தால் ஊருக்கே கேட்கும். மாதம்மாள் பாய்ந்து போய்ப் பித்தளைக் குழாயின் கைப்பிடியை ஒரே தட்டில் மூடியிருப்பாள். சத்தம் வரக் கூடாதே. வேகமாக வந்த தண்ணீர் போக இடமில்லாமல் பைப்பை முட்டியது.

பழைய பைப்பு, தண்ணீர் வந்தால் தானாகவே இப்படி இடிக்கும் என்று கண்ணம்மாளின் புருஷன் சென்னப்பன் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். ஒரே பிள்ளை. நாத்தனார் தொல்லை கிடையாது. வசந்தா வந்தால் மகாராணி மாதிரி இருக்கலாம். கண்ணம்மாள் பூம்பூம் மாடு போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

டொம்.

தேய்ந்த குழாய் தானாகத் தளர்ந்திருக்க வேண்டும். மாதம்மாள் மறுபடி மூடியிருக்கிறாள். இந்த முறை சுண்ணாம்பு உதிர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கிருஷ்ணப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். சேலத்தில் இருபது வருஷம் பைப் பிட்டராக இருந்தவர் என்று வந்ததும் சொல்லியிருந்தார்கள். அப்போது அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

பைப்பு தானாக இடிக்காது, யாராவது சட்டென்று மூடினால்தான் இடிக்கும் என்றார் அவர். பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தும் விட்டார்.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த வசந்தா முதல் தடவையாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

கண்ணம்மாள் அவர் பின்னாலேயே ஓடினாள்.

குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது. உள்ளே தண்ணீர் மறுபடி சீறத் தொடங்கியிருந்தது.

கிருஷ்ணப்பன் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு கண்ணம்மாளைப் பார்த்தார். அவர் காலில் விழுந்துவிடலாமா என்று அவள் நினைத்தாள்.

அவர் தாழ்ப்பாளைத் தொடவில்லை. கதவோரம் குனிந்து, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“கொஞ்சம் கொஞ்சமா மூடும்மா. பட்டுனு மூடுனாத்தான் இடிக்கும்.”

கண்ணம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த மனுஷன் இருக்கிற குடும்பத்துக்கு வசந்தாவைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கும்பிடாதீங்கம்மா. எங்கக்கா வூட்லயும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. திரும்பி வந்து ரெண்டு வருசமாச்சு. வெளிய பூட்டிட்டுத்தான் வந்திருக்கோம்.”

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். பைப்பில் காற்று அடைத்திருந்தது, இனிமேல் சத்தம் வராது என்று அங்கே அவர் சொல்வது கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, பூ வைத்துவிட்டே போகிறோம் என்றாள். தட்டை எடுத்து வரும்படி சென்னப்பன் குரல் கொடுத்தார். அவர் குரலில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சந்தோஷம் இருந்தது.

கண்ணம்மாள் நகரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. சொட்டுச் சொட்டாகி நின்றது. சுவர் இடிக்கவில்லை. உள்ளே ஓர் ஆள் இருப்பதாகவே இனி யாருக்கும் தெரியாது.

இதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று நினைத்தபோது கண்ணம்மாளுக்குத் தாங்கவில்லை. நல்லம்பள்ளியிலும் ஒருத்தி இந்நேரம் இப்படித்தான் குழாயை மூடிக்கொண்டிருப்பாள். நாளைக்கு அந்தப் பூட்டின் சாவி வசந்தாவின் இடுப்பில் இருக்கும்.

தட்டு எங்கே என்று சென்னப்பன் மறுபடி கூப்பிட்டார்.

கண்ணம்மாள் தாழ்ப்பாளைப் பிடித்தாள். கூடம் வரைக்கும் கேட்கும்படி, பட்டென்று இழுத்துத் திறந்தாள்.