மில் கேட்டுக்கு வந்த சாறு

கிட்ட வந்து உக்காருங்க. ஊருக்கே கேக்குறாப்புல சொல்லுற விஷயம் இல்ல இது.

ராஜபாளையத்துல செல்லக்கனின்னு ஒருத்தி. புருசன் தவசிமுத்து, நூல் மில்லுல வேலை. அவனுக்குக் கீரைன்னா உசிரு. அந்த மகராசி என்ன பண்ணினா தெரியுமா? பொறவாசல்ல செழிச்சு நின்ன முருங்கை மரத்தை ஆளைவிட்டு அடியோட வெட்டிப்போட்டா.

சேதி காதுல விழுந்ததும், தவசிமுத்துவோட அக்கா அழகுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல இருந்து பஸ் ஏறி வந்துட்டா. தாயில்லாத தம்பியை இடுப்புல தூக்கி வளத்தவ அவ.

"ஏட்டி, புருசனுக்கு ஒரு கைப்பிடி கீரை வதக்கி வைக்க உனக்கு வலிக்குதோ?"

"அப்படி இல்ல மதினி. அவுகளுக்கு நெஞ்சு தாறுமாறா அடிக்குதுல்லா? உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிறக் கூடாதுன்னு மதுரை டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. இஷ்டத்துக்குக் கீரையைக் கூட்டினா அந்த மாத்திரை வேலை செய்யாதாம். மரம் நின்னா இவுக கை சும்மா இருக்காது. அதான் வெட்டிட்டேன்."

"அப்படி என்ன பொல்லாத மாத்திரை?"

"ரத்தத்தைத் தண்ணியா ஓட வைக்கிற மாத்திரை."

அழகுத்தாய் விறுவிறுன்னு தம்பிகிட்டப் போனா. ரத்தம் தண்ணியாப் போனா மனுசன் எப்படி நிப்பான்? தம்பி கையைப் புடிச்சுப் பாத்தா. அங்கங்க ஊதாவாக் கன்னிப் போயிருந்துச்சு. காலையில சவரம் பண்ணின கீறல்ல இன்னும் பஞ்சு ஒட்டியிருந்துச்சு.

"என்னலே இது, பொண்டாட்டி அடிக்காளா?"

"அவ அடிச்சாத்தான் சொல்லிச் சிரிக்கலாமே. மிசின்ல லேசா இடிச்சாலே இப்படி ஆகுதுக்கா." தவசிமுத்து நெஞ்சைத் தடவிக்கிட்டான். "இது நம்ம மில்லுப் பழைய மிசின் மாதிரி. ஓடும், நிக்கும், பொறவு நின்னதுக்கும் சேத்து ஓடும்."

அவளுக்குச் சிரிப்பு வரல. இவ என் தம்பியைக் கொஞ்சங் கொஞ்சமா உருக்கிப்போடுவாங்கிற நெனப்புத்தான் வந்துச்சு.

மறுநாள்ல இருந்து அழகுத்தாய் தன் வீட்டு முருங்கைக்கீரையை உருவி, சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுச் சாறு காய்ச்சினா. தூக்குவாளியில ஊத்திக்கிட்டுப் பதினோரு மணி பஸ்ஸைப் புடிச்சா. சாப்பாட்டுச் சங்கு ஊதுறப்ப மில் கேட்டுல நிப்பா.

"அக்கா, செல்லக்கனிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா."

"நான் சொல்லப்போறேனா, நீ சொல்லப்போறியா? குடிலே."

குடிச்சான். அக்கா கையால குடுத்தா அவனுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது. கேட்டு வாட்ச்மேன் பால்ச்சாமி கூடக் கேலி பண்ணுவாரு. "அம்பது வயசுப் பிள்ளைக்குப் பால் புகட்டுற ஆத்தாவை இப்பத்தான் பாக்கேன்."

ரெண்டு வாரத்துல கையில இருந்த ஊதாத் தடமெல்லாம் மறைஞ்சிருச்சு. சவரக்கீறல் பட்டா ரத்தம் சட்டுன்னு நின்னுச்சு.

"பாத்தியா? ரத்தம் எம்புட்டு ஊறியிருக்கு!" அழகுத்தாய்க்குப் பெருமை தாங்கல. போற வழியில பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரிகிட்டக் கூடச் சொன்னா. பொண்டாட்டி காயப்போட்டதை அக்கா தேத்திட்டேன்னு.

"அவ மதுரைக்கு ரத்த டெஸ்ட்டுக்குக் கூப்பிடுதாக்கா."

"தெளிஞ்சு நிக்கிறவனுக்கு டெஸ்ட் என்னத்துக்கு? மில்லுல லீவு இல்லன்னு சொல்லு."

அப்படியே சொன்னான்.

நாப்பது நாள் இருக்கும். வேலைக்குக் கிளம்புறப்ப கையில இருந்த காப்பி டம்ளர் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் போனவன் அப்படியே சரிஞ்சான். வாய் ஒருபக்கம் இழுத்துக்கிச்சு. வலது கை துணி மாதிரித் தொங்குச்சு. பேச்சு இல்ல.

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவுல சொந்தக்காரக முழுக்கக் கூடியிருந்தாக. அழகுத்தாய் மாருல அடிச்சுக்கிட்டு அழுதா.

"பட்டினி போட்டே என் தம்பியைச் சாச்சுட்டாளே! ஒரு கைப்பிடி கீரை குடுத்தாளா, கேளுங்க!"

அம்புட்டுப் பேரு பார்வையும் செல்லக்கனி மேலதான். அவ சுவத்தோரமா நின்னா. தவசிமுத்துவைப் பாக்க வந்த வாட்ச்மேன் பால்ச்சாமி, செத்த நேரம் முந்தித்தான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிருந்தாரு. தூக்குவாளியில இருந்து, பதினோரு மணி பஸ் வரைக்கும்.

டாக்டர் வெளிய வந்தாரு. கையில ரத்த டெஸ்ட் காயிதமும், செல்லக்கனி தேதி போட்டு எழுதின மாத்திரை நோட்டும்.

"மாத்திரை ஒருநாள் கூட விடல. ஆனா மாத்திரையே சாப்பிடாத ஆள் மாதிரி ரத்தம் உறையுது. இதயத்துல உறைஞ்ச ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருச்சு. தினமும் கீரை ஏதாவது குடுத்தீங்களா?"

அழகுத்தாய் அழுகை பாதியில நின்னுச்சு.

"முருங்கைக்கீரை மாதிரி? நிறைய?"

அவ கையை நீட்டிச் சுவத்தைப் புடிச்சா. சொல்லத்தான் வாயைத் திறந்தா. ஊதாத் தடம் மறைஞ்சப்ப இந்தக் கையாலதானே தம்பி கையைத் தடவிச் சந்தோஷப்பட்டோம்னு நெனைச்சா.

"கேக்கேன்ல? யாரு குடுத்தது?"

செல்லக்கனி ஒரு எட்டு முன்னால வந்தா.

"நான்தான் டாக்டர். முருங்கைச் சாறு. தினமும் குடுத்தேன்."

வராந்தாவுல ஒரு முணுமுணுப்பு எழுந்துச்சு.

"அம்புட்டு சொல்லியுமாம்மா? பேச்சு திரும்புமான்னே தெரியல இப்ப. வீட்டுல பெரியவங்க ஒருத்தர் கூடத் தடுக்கலையா?"

செல்லக்கனி திரும்பி அழகுத்தாயைப் பாத்தா. பொறவு டாக்டர்கிட்டச் சொன்னா:

"எங்க மதினி தடுத்தாக. நான்தான் கேக்கல."