ஆடாத கண்ணாடி

"நீ வாயைத் திறக்காம வந்தா, மாவ்பிக்கு மானத்தோட போய்ச் சேரலாம்" என்றார் ஷம்சுதீன்.

மனைவி நூருன்னிசா வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி என்றால் பழைய ஹைலக்ஸ் பிக்கப். அதன் பின்னால் இழுத்துப் போக, சக்கரம் வைத்த ஒரு சமையலறை. ஊரே அதைத் தகரப் பெட்டி என்றது. ஷம்சுதீன் மட்டும் 'கேரவன்' என்றார்.

வண்டியைவிடப் பெட்டி இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலம். வண்டியின் சொந்தக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற பஸ் தெரியாது. பெட்டியின் தகரம்தான் தெரியும்.

ரங்கூனில் இது பெரிய வம்பு. சாலையில் போவதும் வலப்பக்கம், ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்த வேண்டுமென்றால், இடப்பக்க சீட்டில் இருப்பவர் பின்னால் எட்டிப் பார்த்து "போகலாம்", "நில்லுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஐந்து வருடமாக அது நூருன்னிசாவின் வேலை.

போன வாரம் அவள் "நில்லுங்க" என்றாள். இவர் போனார். ஒரு டீக்கடையின் மூன்று குட்டி ஸ்டூல்களும் பெட்டியில் மாட்டிக் கூடவே வந்தன.

"நீ சத்தமா சொல்லலை" என்று பழியை அவள் தலையில் போட்டுவிட்டு, வெளியே நீண்டு நிற்கிற கண்ணாடி வாங்க அவளோடு கிளம்பினார். அன்றைக்குத் தன் மூளை எங்கே மேயப் போயிருந்தது என்று பிற்பாடு அவரே பலமுறை கேட்டுக்கொண்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை தங்கவேலு இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார்.

"பாய், இதை எடுங்க. பழைய லைன் பஸ்ல கழட்டினது. கதவுல ஒரு கால், அடியில முட்டுக்கு ஒரு கால். அசையாது."

கறுப்பு இரும்பு. மூலையில் துரு வேறு.

"என் கதவுல ஓட்டை போடறதா? அதை எடு" என்றார் ஷம்சுதீன்.

'அது' பளபளவென்று மின்னியது. முட்டுக்கால் கிடையாது. பழைய கண்ணாடியின் மேலேயே கவ்விக்கொள்ள ஒரே ஒரு கவ்வி, அதற்கு ஒரே ஒரு ஸ்க்ரூ.

நூருன்னிசா விரலால் தட்டிப் பார்த்தாள். "ஆடுதே."

"கடையில ஆடும். ரோட்டுல ஆடாது."

தங்கவேலு அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பொட்டலம் கட்டினார்.

இன்று ரங்கூனுக்கு வெளியே, மாவ்பியில் அரிசி வியாபாரி அஷ்ஃபாக்கின் மகள் கல்யாணம். பெட்டிக்குள் நான்கு அண்டா பிரியாணி. முந்நூறு பேர் சாப்பாடு சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் இனி யாராவது கூப்பிடுவார்கள்.

மிங்கலாடோன் வரை இடப்பக்கக் கண்ணாடி நடுங்கிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த ஒரு பஸ் அதில் மூன்று பஸ்ஸாகத் தெரிந்தது.

"இங்க பாருங்க, அந்த..."

"வாய்!"

நூருன்னிசா இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, கதவோடு ஒட்டி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

"பாத்தியா? புதுச் செருப்பு மாதிரிதான். போகப் போகப் பழகிடும்."

அவள் திரும்பவேயில்லை. கோபம் வந்தால் இவளுக்கு இப்படித்தான், ஊர் போய்ச் சேரும்வரை முகத்தைக் காட்ட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தபடியே இரண்டு லாரிகளையும் ஒரு பஸ்ஸையும் முந்தினார். ஒவ்வொரு தடவையும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மாவ்பியில் அண்டாக்களைத் திறந்தபோது ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கவில்லை.

"ஷம்சுதீன் நானா, அடுத்த மாசம் என் மச்சான் வீட்டு விருந்தும் நீங்கதான்" என்றார் அஷ்ஃபாக்.

நூருன்னிசா அண்டா இறக்கக்கூடக் கை கொடுக்கவில்லை. நேராகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். சபையில் இப்படியா கோபத்தைக் காட்டுவது என்று ஷம்சுதீனுக்கு எரிச்சலாக வந்தது.

"எல்லாம் இந்தக் கண்ணாடி பண்ணின வேலை" என்று கூடியிருந்தவர்களை வண்டியருகே கூட்டிப்போனார். "பொம்பளை பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு இரும்புத் துண்டைத் தூக்கிட்டு வந்திருப்பேன். மிங்கலாடோனுக்கு அப்புறம் கொஞ்சம்கூட ஆடலை. தொட்டுத்தான் பாருங்களேன்!"

அஷ்ஃபாக் தொட்டார். கண்ணாடி அப்படியே கழன்று அவர் கைக்கு வந்தது.

"நானா, இதுல ஸ்க்ரூவே இல்லையே! இவ்வளவு தூரம் இது எப்படி வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷம்சுதீனும் சிரிக்க ஆரம்பித்தார். கவ்வியைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அது நூருன்னிசாவின் கைக்குட்டை.

தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அவள் இடது கையைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையின் குறுக்கே கவ்வியின் பல் வரிசையாகப் பதிந்து கன்றிப்போயிருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"ஸ்க்ரூ விழுந்துடுச்சுன்னு ஏன் புள்ள சொல்லலை?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள் நூருன்னிசா. "கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."