நிசப்தனின் ரசிகை

"பேசக் கூடாது குரு! 'ம்'னு கூடச் சொல்லக் கூடாது. படத்துல ஹீரோ கடைசிவரைக்கும் வாயே திறக்க மாட்டான். நீ திறந்தே, நாளையிலிருந்து வேற ஆளு!"

லவினா விரலை ஆட்டி எச்சரித்தாள். விளம்பரக் கம்பெனி சூப்பர்வைசர். கோரமங்களா மாலின் மூன்றாம் மாடியில், தியேட்டர் வாசலில் நின்ற 'நிசப்தன்' தலையை மட்டும் அசைத்தான். உடம்பை இறுக்கிப் பிடித்த சாம்பல் நிற உடை. முகத்தை மொத்தமாக மூடிய முகமூடி.

செல்ஃபி எடுக்க ஆளில்லை. ரிலீஸான வாரமே படம் படுத்துவிட்டது.

"மச்சா, பறந்து காட்டு!" என்று கத்திவிட்டு, சில கல்லூரிப் பையன்கள் பாப்கார்னோடு வேறு படத்துக்குள் நுழைந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் சூட்கேஸ்.

"செல்ஃபியா மேடம்?" லவினா ஓடினாள்.

"இல்லைங்க. சார்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"அவர் பேச மாட்டாரே!"

"தெரியும். அதான் வந்தேன்."

லவினா சிரித்துவிட்டாள். "பேசுங்க, பேசுங்க. ஆனா சார் எதுக்கு? அண்ணான்னு கூப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

"ஐயோ, அது வேணாங்க" என்றாள் அவள் அவசரமாக.

முகமூடியின் எதிரே சூட்கேஸை வைத்தாள்.

"என் பேர் உஷா. ஈஜிபுராவுல இருக்கேன். நேத்து உங்க படம் பார்த்தேன் சார். காமெடியா ஆரம்பிக்குது, திடீர்னு பேய்ப் படமாயிடுது, கடைசியில ஆளுங்களே காணாமப்போய் எல்லாம் பென்சில் ஓவியமா ஓடுது. ஹீரோ ஒருத்தனைக்கூட அடிக்கல. யார் வந்து அழுதாலும் உட்கார்ந்து கேக்கறான். அதான் அவனோட பவராம்! முன் சீட்டுல இருந்தவங்க திட்டிட்டே எழுந்து போனாங்க. நான் அழுதுட்டேன்."

முகமூடி அவள் பக்கம் சற்றே சாய்ந்தது.

"என் வீட்டுக்காரருக்கு ஐ.டி. கம்பெனி. காலையில கழுத்துல கார்டை மாட்டிட்டுக் கிளம்பினா ராத்திரிதான் வருவார். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துத் தூங்குவார். முன்னெல்லாம் மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார் சார். இப்ப வீட்டுல குக்கர் மட்டும்தான் சத்தம் போடுது. கீழ் வீட்டம்மா 'ஊட்டா ஆய்த்தா'ன்னு சாப்பாட்டை விசாரிப்பாங்க. 'ஆய்த்து'ம்பேன். இந்த ஊர்ல நாள் முழுக்க நான் பேசற பேச்சு அவ்வளவுதான்."

லவினா போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"திட்டினாக்கூடப் பரவாயில்ல. எதையோ மறைக்கிறார். சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நினைக்கிறார்போல. அதுதான் சார் வலிக்குது."

சூட்கேஸின் கைப்பிடியை ஒருமுறை தொட்டாள். சமாளித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் திருப்பத்தூருக்கு பஸ். அம்மா வீட்டுக்கு. போனா திரும்பி வர மாட்டேன். நீங்க சொல்லுங்க... போகவா, இருக்கவா?"

முகமூடிக்குள் மூச்சு இரைந்தது. லவினா உதட்டில் விரல் வைத்து முறைத்தாள்.

அவன் குனிந்தான். சூட்கேஸைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"அடேயப்பா! இது ஸ்கிரிப்ட்லயே இல்லையே குரு!" லவினா கைதட்டினாள்.

உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெருங்கி வந்து, லவினாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"என்னங்க, நேத்து இந்த வாசல்ல நின்ன நிப்புலயே கண்டுபிடிச்சிட்டேன். நாளையிலிருந்து ஆபீஸ் சட்டைக்கு இஸ்திரி போட மாட்டேன். ராத்திரி இந்த டிரஸ்ஸைக் கொண்டு வாங்க, துவைச்சுத் தரேன். வேர்வை நாத்தம் தாங்கல."