கெண்டைக்கு ஒரு நிமிடம்

குளம் வற்றி ஒரு குட்டைதான் மிஞ்சியது. அதில் ஒரு கெண்டை மீன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கரையில் விவாத மேடை கூடியது. குளம் வற்றக் காரணம் வெயிலா, ஆடுமாடுகளா?

நடுவர் எருமை. கழுத்தில் மணி இருந்தது, அதுதான் தகுதி. உட்காரக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அது குட்டையிலேயே உட்கார்ந்தது. பாதித் தண்ணீர் வெளியே போயிற்று.

"எருமையண்ணே, மதகுல கட்டை அடைச்சிருக்கு. எல்லாரும் சேர்ந்து தள்ளினா தண்ணி வந்துரும்" என்றது கெண்டை.

"உன் முறை வரும்போது பேசு தம்பி. சபை நாகரிகம் வேண்டாமா?" எருமை மணியை ஆட்டியது.

ஆடு வெயிலைத் திட்டியது. காகம் ஆடுமாடுகளைத் திட்டியது. பிறகு வெயிலை விட்டுவிட்டார்கள்.

"போடா குப்பை பொறுக்கி."

"நீ போஸ்டர் தின்னிதானே?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குட்டை சேறாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது."

"உணர்ச்சிவசப்படக் கூடாது தம்பி."

ஒருவழியாக எருமை எழுந்து நின்றது. "இப்போது பாதிக்கப்பட்டவர் பேசுவார். ஒரு நிமிடம்."

கெண்டை சேற்றில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"வெயில்னுதான் சொல்லுது" என்றது ஆடு.

"காது அடைச்சுப் போச்சா? ஆடுன்னு சொல்லுது" என்றது காகம்.

மறுபடி சண்டை. அது ஓய்ந்தபோது கெண்டையின் வாய் அசையவில்லை.

எருமை தீர்ப்புச் சொன்னது. "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கொடுத்த நேரத்துக்கு மேல் பேசாதது கெண்டைத் தம்பி ஒன்றுதான். அதைப் பாராட்ட வேண்டும்."

பாராட்ட முதலில் இறங்கியது காகம்.