நானூற்றுப் பன்னிரண்டாம் சோதனை

ஆள் தேடும் இயந்திரத்தின் பெர்ல் என்னும் கணினிமொழி நிரலைத் தினமும் காலையில் ஆயிரம் சோதனைகள் தாமாகவே ஓடிச் சரிபார்க்கும். பெனிட்டா வேலையில் சேர்ந்த வாரம், எங்கு தேடினாலும் அகப்படாத ஒரு பெயர் சோதனைக்கு வேண்டுமென்றார்கள். அவளுக்கு அப்படி ஒரே பெயர்தான் தெரியும்: அப்பாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அண்ணன், கார்வின் லூர்துராஜ் பர்னாந்து. எதிர்பார்க்கும் விடை, பூஜ்ஜியம்.

ஒன்பது வருடமாகப் பூஜ்ஜியமே வந்தது. சோதனை தேறும்; அண்ணன் அன்றும் அகப்படவில்லை என்று பொருள்.

இன்று 412ஆம் சோதனையில் சிவப்பு விழுந்தது. எதிர்பார்த்தது 0, வந்தது 1.

"பதறாத பெனிட்டா. பழுதுநீக்கி பத்து நிமிஷத்துல சரி பண்ணிரும்," என்றார் பக்கத்து மேசை இளம்பரிதி.

பழுதுநீக்கும் நிரலுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: எதிர்பார்த்த விடை வரும்வரை பொருந்தாத பதிவை அழித்துவிடும். பதிவு அழிந்த ஆளைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"ஐயோ, வேணாம் சார்! நிறுத்துங்க!"

"ஏம்மா, தப்பு எதுல?"

"இயந்திரத்துல இல்ல சார். நான் எழுதுனதுலதான்."

சோதனையைத் திறந்து, பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். ஓடவிட்டாள். பச்சை. கீழே சிறிய எழுத்தில்: விசாகப்பட்டினம் துறைமுகம், கிரேன் ஓட்டுநர், நேற்று மாலை காணப்பட்டார்.

"சரியாயிருச்சுல்ல, விடு," என்றார் இளம்பரிதி.

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓடவிட்டாள். பச்சை. பிறகும் ஒரு முறை.