விரல் பார்த்துச் சுடும்

அமெரிக்காவின் மொன்டானாவில், மலையடிவாரத்து ஊரின் ஒரே துப்பாக்கிக் கடை. பதிவு செய்த விரல் பட்டால் மட்டுமே சுடும் கைத்துப்பாக்கியை அரை மணி நேரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் லீலண்ட். மனைவி ஆர்லீன் பக்கத்தில் நின்றாள்.

"கை ஈரமா இருந்தா?" என்று கேட்டார் லீலண்ட்.

"சில சமயம் மக்கர் பண்ணும்" என்றான் கடைக்காரன் டாரில்.

"கையுறை போட்டிருந்தா?"

"சுடாது. நீங்க கழட்டுற வரைக்கும் கரடி காத்துக்கிட்டு நிக்குமான்னு ஊரே கிண்டல் பண்ணுது."

"பண்ணட்டும். வேற ஆள் கையில சுடவே சுடாதுல்ல? நூத்துல ஒரு தடவைகூட?"

"நானே பத்து விரலையும் வெச்சுப் பாத்துட்டேன், சுடலை. ஏன், பேரப்பசங்க வர்றாங்களா?"

"இல்லை. நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்ப திருடன் பிடுங்கிடுவான்னு பயமா? முப்பது வருஷம் போலீஸ்ல இருந்த உங்ககிட்ட இருந்தா?"

லீலண்ட் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். பிறகு, "இதையே கொடு" என்றார்.

"சரி, விரலை வைங்க. பதிஞ்சிடலாம்."

லீலண்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆர்லீன், நீ வை."

அவள் வைத்தாள். துப்பாக்கியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அடுத்து நீங்க."

"என்னுது வேண்டாம்ப்பா. எனக்கு மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டார். பழைய துப்பாக்கியெல்லாம் நேத்துதான் வித்தாச்சு. போன வாரம் சமையலறையில யாரோ ஒரு பொம்பளை நிக்கிறான்னு குறி வெச்சிட்டேன்."

ஆர்லீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்குக் காப்பி போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள்.